எண்பது கிலோ பூனை

காலையில் வாய் தவறி "ம்" என்று சொல்லிவிட்டார் கம்பீரம். அன்றைய தலைவலி அங்கேதான் தொடங்கியது.

கம்பீரம் என்பது தெரு வைத்த பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு "கம்பீரம் துப்பறியும் நிலையம்" என்று பலகையே மாட்டிவிட்டார். நாற்காலியில் சாய மாட்டார். கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுக்க மாட்டார். அது தானாக மேலே வரும்வரை முறைப்பார். அவர் வம்சத்தில் முதுகு வளைந்தவர் எவருமில்லை. ஒரே ஒருவன் உண்டு. அவனைப் பற்றி வீட்டில் பேச்சில்லை.

அந்த ஒருவன் அவருடைய தம்பி. பூனை பிஸ்கட் விளம்பரத்தில் வால் கட்டிக்கொண்டு நாலு காலில் நடந்து "மியாவ்" என்றவன். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. போன மாதம் தம்பிக்கு இதயத் தசை தடித்திருப்பதாகக் கண்டுபிடித்த டாக்டர், இது பரம்பரையாக வருவது, கூடப் பிறந்தவரும் ஒருமுறை இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்று சொல்லியனுப்பினார்.

"எங்க பரம்பரையில சொத்து உண்டு, மீசை உண்டு, சொன்ன சொல் தவறாத குணம் உண்டு. சீக்கு கிடையாது" என்று கம்பீரம் பதில் அனுப்பினார்.

அப்படிப்பட்டவர்தான் இன்று காலை கண்ணாடி முன்னால் மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மனைவி, "சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் படத்தை எடுத்துடலாமாங்க?" என்று கேட்டதற்கு "ம்" என்றுவிட்டார். ஏன் சொன்னார், எப்படிச் சொன்னார், அவருக்கே விளங்கவில்லை. அந்தக் குடும்பத்தில் தலைவர் "ம்" என்றால் அது கல்வெட்டு. அவருடைய தாத்தா ஒரு "ம்" சொல்லிவிட்டுப் பிடிக்காத ஊரில் கடைசிவரை குடியிருந்தார்.

சொன்னதை மீறவும் முடியாது, செய்யவும் மனமில்லை. இந்த நேரத்தில்தான் பூனை ஆஸ்பத்திரியிலிருந்து, திருட்டு நடந்திருக்கிறது, உடனே வாருங்கள் என்று அழைப்பு வந்தது.

ஆஸ்பத்திரி மாடியில் இருந்தது. பாதிப் படியில் கம்பீரம் நின்றார்.

"என்ன பெரியப்பா, நின்னுட்டீங்க?" என்றாள் உதவியாளர் வாலு. தம்பியின் மகள். தகப்பனோடுதான் பேச்சில்லை, மகளோடு பேசாமலிருக்க அவள் விட்டால்தானே!

"சுவத்துல ஒரு விரிசல். கவனிக்கிறேன்."

"நேத்து நம்ம ஆபீஸ் படியிலயும் ஒரு விரிசல் கவனிச்சீங்க. அதுக்கு முன்னாடி தபால் ஆபீஸ் படியில. இந்த ஊர்க் கட்டடமெல்லாம் கரெக்டா நீங்க மூச்சு வாங்குற இடமாப் பாத்துத்தான் விரிசல் விடுது."

"துப்பறியறவன் கண்ணு எங்கயும் ஓயக் கூடாது."

"கண்ணு ஓயல பெரியப்பா. மத்ததெல்லாம் ஓஞ்சு போய் நிக்குது."

மேலே பூனை டாக்டர் காத்திருந்தார். அந்த அம்மாளின் வெள்ளைக் கோட்டில் ஒட்டியிருந்த ரோமத்தை உதிர்த்தால் இன்னொரு பூனை செய்யலாம். பின்னறையில் சாம்பல் நிறப் பூனைகள் நாற்காலி, மேஜை, ஜன்னல், தராசு என்று இருந்த இடமெல்லாம் உட்கார்ந்திருந்தன. கம்பீரம் உள்ளே நுழைந்ததும் அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

"எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார் டாக்டர். "ஜன்னல்ல இருக்கிறவதான் தாய். மகாராணி. இவளுக்கு இதயத் தசை தடிச்சுப் போயிருக்கு. பிள்ளைங்களுக்கும் அதே. பேரப்பிள்ளைங்களுக்கும் அதே. பரம்பரை."

கம்பீரம் இருமினார். "நல்ல குடும்பமாத் தெரியுது. அபாண்டமாப் பேசாதீங்க."

"இதுல என்னங்க அபாண்டம்? கண்ணு நிறம் மாதிரி ரத்தத்துல வர்றது. தடிச்ச இதயம் இறுக்கிப் பிடிக்கும், ஆனா அதுக்கு விடத் தெரியாது. நாங்க செல்லமா 'நெஞ்சழுத்தம்'னு சொல்லுவோம். நான் சோதிக்கிற மருந்து நேரா அந்தத் தசைகிட்டப் போய், 'போதும், கொஞ்சம் விட்டுக்குடு'ன்னு சொல்லும். எலிக்குக் குடுத்துப் பாத்தாங்க, நல்லா இளகுச்சு. இப்பப் பூனைக்கு. இங்க சரியா வந்தா நாளைக்கு மனுஷங்களுக்கும் வழி பிறக்கும்."

"எலிக்கும் பூனைக்கும் ஒரே மருந்தா?" என்றாள் வாலு. "அதுங்களுக்குள்ள எப்ப சமாதானம் ஆச்சு?"

டாக்டர் சிரிக்கவில்லை. பாதிப் பூனைகளுக்கு நீல மூடி பாட்டில், பாதிக்குச் சிவப்பு மூடி பாட்டில். ஒன்றில் மருந்து, இன்னொன்றில் சும்மா தண்ணீர். பூனை துப்பாமலிருக்க இரண்டிலும் மீன் ருசி. எது மருந்து என்று டாக்டருக்கே தெரியாது. தெரிந்தால் மருந்து குடித்த பூனையின் இதயம் அவர் கண்ணுக்குத் தானாகவே குணமானது போலத் தெரியுமாம். மருந்து கலக்குபவர் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும்.

"மூணு நாளா தினம் ஒரு பாட்டில் காணாமப் போகுது. எல்லாம் சிவப்பு. இன்னும் ரெண்டு போச்சுன்னா என் சோதனையே நின்னுடும். இத்தனை உசிரும் குடிச்சதுக்கு அர்த்தமில்லாமப் போயிடும்" என்றார் டாக்டர்.

கம்பீரம் மருந்து அலமாரியின் முன்னால் போய் நின்றார். வழியில் நாலு பூனைகள் அவர் பின்னால் வந்தன. ஒன்று அவர் செருப்பின்மேல் உட்கார்ந்துகொண்டது.

"வம்சம் தெரிஞ்சு மரியாதை பண்ணுதுங்க" என்றார்.

"வாசனை தெரிஞ்சுன்னு நெனச்சேன்" என்றாள் வாலு.

அலமாரிக்குப் பூட்டில்லை. மேல்தட்டில் நீல மூடிகள். தூசு படிந்து கிடந்தது. கீழ்த்தட்டில் சிவப்பு மூடிகள். அந்தத் தட்டு துடைத்த கண்ணாடி போலப் பளபளத்தது. பாட்டில்கள் உயர வரிசையில் நின்றன. ஓரத்தில் துடைத்த துணி நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இங்க துடைக்கிறது யாரு?"

"பெருக்குறவர். ஆனா அவர் ஒரு வாரமா லீவு."

கம்பீரத்தின் மீசை நிமிர்ந்தது. "வாலு, எழுதிக்கோ. திருட வந்த எடத்துல தட்டைத் துடைச்சிருக்கான். தூசியைப் பாத்துட்டுச் சும்மா போக முடியாத ஆளு. மேல்தட்டைத் தொடல. அப்படின்னா கை எட்டாத ஆளு. குள்ளம். பாட்டிலை உயர வரிசையில அடுக்கியிருக்கான். இந்த வியாதி எனக்குத் தெரியும். நம்ம வீட்டு அடுப்படியிலயும் இப்படித்தான் அடுக்கி வெச்சு, உப்பு எங்கன்னு நான் தேடியே பாதி ஆயுசு போச்சு."

வாலு பேனாவைக் கடித்தாள். "குள்ளம். சுத்தம். உயர வரிசை. எழுதிட்டேன் பெரியப்பா. எழுதின கை நடுங்குது."

"டாக்டர், வேற யார் இங்க வர்றது?"

"மத்தியானத்துல பூனைங்களுக்குச் சீவிவிட ஒரு அம்மா வருவாங்க. தங்கமான மனுஷி. ஒரு பைசா வாங்கினதில்ல. வீட்டுல பேச ஆளில்லாம இதுங்ககிட்ட வந்து பேசிட்டுப் போவாங்க. புருஷன் ஒரு முசுடாம். எவ்வளவு கெஞ்சினாலும் அசைய மாட்டாராம்."

கம்பீரம் மனதார வருந்தினார். "பாவம். அந்த மாதிரி ஆளுங்களால குடும்பத்துக்கே தலைகுனிவு. அந்த அம்மாவை நாம சந்தேகப்படுறது பாவம். லிஸ்ட்லேருந்து அடிச்சுடு வாலு."

"அடிச்சுட்டேன் பெரியப்பா. ரொம்ப லேசா."

இப்போது மகாராணி ஜன்னலிலிருந்து இறங்கினாள். யார் கூப்பிட்டாலும் திரும்பாதவள் என்று டாக்டர் சொல்லி வாய் மூடவில்லை. மேஜைமேல் ஏறி, கம்பீரத்தின் முகத்தருகே வந்து, அவர் மீசையின் வலது நுனியை ஒருமுறை நிதானமாக நக்கினாள். பிறகு இடது நுனியை.

"இது எங்க வம்ச மீசை" என்று கம்பீரம் விறைத்து நின்றபடி விளக்கினார். "ராணிக்குத் தெரியுது."

"காலையில பால் குடிச்சீங்களா பெரியப்பா?"

"குடிச்சேன். மூணு நாளாப் பால் கெட்டுப் போய் வருது. ஒரு மாதிரி கவிச்சி. உங்க பெரியம்மாகிட்டச் சொன்னா, உங்க நாக்குதான் கெட்டுப் போச்சுங்கறா. பால்காரனை மாத்தணும். அதை விடு, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். டாக்டர், ஒரு பாட்டில் ஒரு பூனைக்கு எத்தனை நாள் வரும்?"

"இருபது நாள்."

"பூனை எடை?"

"நாலு கிலோ."

கம்பீரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையை ஒரு சுற்று நடந்தார். பின்னால் பூனைகள் வரிசையாக ஒரு சுற்று நடந்தன. அவர் நின்றார். அவையும் நின்றன.

"இருபது நாள் மருந்து ஒரே நாள்ல தீருது. அதனாலதான் தினம் திருட வர்றான். அப்படின்னா அதைக் குடிக்கிறது நாலு கிலோ பூனை இல்ல. அதைப்போல இருபது மடங்கு." குரலைத் தாழ்த்தினார். "இந்த ஊர்ல எவனோ ஒருத்தன் எண்பது கிலோ பூனை வளர்க்கிறான்."

ஒரு குட்டி ஏப்பம் விட்டது.

"எண்பது கிலோன்னா அது பூனை இல்லீங்களே" என்றார் டாக்டர்.

"சிறுத்தை. இல்ல புலி. வாலு, மிருகக்காட்சி சாலைக்குப் போன் போடு."

வாலு போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"ஐயா, உங்ககிட்ட எண்பது கிலோவுல, நெஞ்சழுத்தம் பிடிச்ச உருப்படி ஏதாவது இருக்கா?"

"இருக்கும்மா" என்றது மறுமுனை. "எங்க மேலதிகாரி. கூட்டிட்டுப் போறீங்களா?"

"மிருகமா இருக்கணும்."

"ஃபைலை எடுத்துட்டுப் போனா உறுமுவாரும்மா. அது போதுமா?"

வாலு போனை வைத்தாள். "அங்க உறுமுறது அவர் ஒருத்தர்தான் போல பெரியப்பா. நாமளே யோசிப்போம். எண்பது கிலோ. மீசை உண்டு. கூப்பிட்டாத் திரும்பாது. பிடிச்சா விடாது. மருந்துன்னு சொல்லிக் குடுத்தாக் குடிக்காது, அதனால வேற எதுலயாவது கலந்து குடுக்கிறாங்க. பாத்துக்கிறது ஒரு குள்ளமான, சுத்தமான ஆளு. எனக்கென்னமோ அது ரொம்பத் தூரத்துல இல்லைன்னு தோணுது."

"சபாஷ்" என்றார் கம்பீரம். "மூளை இருக்கு உனக்கு. எங்க பக்கத்து ரத்தம். சரி, எண்பது கிலோ மிருகம்னா எத்தனை பெரிசு? எந்த மாதிரி வீட்டுல அதை ஒளிச்சு வெக்க முடியும்? கண்ணால பாத்தாத்தான் கணக்குக்கு வரும்."

மூலையில் பெரிய நாய்களை நிறுத்தி எடை பார்க்கும் இரும்புப் பலகை இருந்தது. கம்பீரம் அதன்மேல் நிமிர்ந்து ஏறி நின்றார். கைகளை விரித்து, "இந்தப் பக்கம் தலை வரும். அந்தப் பக்கம் வால் வரும்" என்று காற்றில் வரைந்து காட்டினார்.

பூனைகள் ஒவ்வொன்றாக வந்து பலகையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்த்தன. டாக்டர், அவர் தலைக்கு மேல் சுவரில் ஒளிர்ந்த சிவப்பு எண்களைப் பார்த்தார். வாலுவும் பார்த்தாள். கடைசியில் கம்பீரமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

எண்பது.

"தராசு கெட்டுப் போயிருக்கு" என்றார் கம்பீரம்.

"பாலும் கெட்டுப் போச்சு, நாக்கும் கெட்டுப் போச்சு, தராசும் கெட்டுப் போச்சு" என்றாள் வாலு. "உலகத்துல நீங்க ஒருத்தர்தான் பெரியப்பா கெடாம இருக்கீங்க."

அப்போது கதவு திறந்தது. கையில் சீப்போடு குள்ளமான ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். வந்ததும் வராததுமாக, கதவுப் பிடியில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"இவங்கதான் நான் சொன்ன அம்மா" என்றார் டாக்டர்.

"இவங்கதான் நீங்க அடிக்கச் சொன்ன அம்மா" என்றாள் வாலு.

கம்பீரத்தின் மனைவி, பூனைகள் புடைசூழத் தராசின்மேல் நின்ற கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, அங்க ஏறி நின்னு என்ன பண்றீங்க?"

"அதை நான் கேக்கணும்! நீ மத்தியானம் நடக்கப் போறேன்னுதானே சொன்ன?"

"இங்க வரைக்கும் நடந்துதானே வர்றேன்."

கம்பீரத்தின் விரல் மீசை நுனியைத் தொட்டு மூக்குக்குப் போயிற்று. பிறகு கம்பீரம் தன் வாழ்நாளிலேயே மிக மெதுவான குரலில் கேட்டார்: "பாலுல கலந்தியா?"

"கலந்தேன்." அவள் தலையைக் குனியவில்லை. அந்த வீட்டில் வாக்கப்பட்டவர்களுக்கும் முதுகு நேராகத்தான் இருக்கும். "நெஞ்சழுத்தம் பிடிச்சதுங்களை இளக்குற மருந்துன்னு டாக்டரம்மாதான் சொன்னாங்க. அந்த மகாராணி குணத்தை நானே பாத்தேன். கூப்பிட்டா வராது, குடுத்தா வாங்காது, தப்பு தன் மேலன்னாலும் மூஞ்சியைத் திருப்பிக்கும். அச்சு அசல் நீங்க. அதுக்கே இளகும்னா உங்களுக்கு இளகாதா? எடை பாத்து, கணக்குப் போட்டுத்தான் ஊத்தினேன்."

"அம்மா, அது குணத்துக்கு இல்ல, தசைக்கு!" டாக்டர் தலையில் கை வைத்தார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நெஞ்சழுத்தம்னீங்க. நெஞ்சழுத்தக்காரரோட குடும்பம் நடத்துறவ நான். வேற என்னன்னு நெனப்பேன்?" அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஒரு மாசமாக் கெஞ்சுறேன். தம்பிக்கு வந்திருக்கு, நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்கன்னு. வம்சம், மீசைங்கறீங்க. மாடிப்படி ஏறும்போது நின்னு நின்னு சுவத்தைப் பாக்குறீங்களே, அந்தச் சுவத்துல என்னங்க இருக்கு? நான் அந்தச் சுவத்தையே எத்தனை நாள் பாத்துட்டு நிக்கிறது?"

கம்பீரம் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வேறொரு வெளிச்சம் அவர் முகத்தில் பரவியது.

"அப்படின்னா காலையில நான் 'ம்'னு சொன்னது..." பலகையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். எண்கள் குதித்தன. "மருந்து சொன்னது! நான் சொல்லல! அதானே பாத்தேன், நானாவது 'ம்'ங்கறதாவது! செல்லாது! அந்த 'ம்' செல்லாது!"

"ஐயா, கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் டாக்டர். அவர் முகம் வெளுத்திருந்தது. "அது நிஜ மருந்தா இருந்தா, இத்தனை அளவுக்கு உங்க இதயம் அடிக்கிறதே தளர்ந்துடும். எது எதுன்னு உடனே தெரிஞ்சாகணும்." எல்லோருக்கும் கேட்கும்படி மருந்து கலக்குபவரைப் போனில் அழைத்தார்.

"சிவப்பா நீலமான்னு சொல்லுங்க. அவசரம். உயிருக்கு ஆபத்து."

"எந்தப் பூனைக்கு டாக்டர்?"

"எண்பது கிலோ பூனைக்கு."

மறுமுனை கொஞ்சம் யோசித்தது. "டாக்டர், நீங்க ரெண்டு நாள் லீவு போடுங்க."

"சொல்லித் தொலைங்கய்யா!"

"நீலந்தான் மருந்து. சிவப்பு வெறும் தண்ணி. மீன் ருசி போட்டது."

கம்பீரத்தின் மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் பெருமூச்சு விட்டார். அந்த அறையிலேயே கலங்கி நின்றவர் கம்பீரம் ஒருவர்தான்.

"தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா" என்று போனை நோக்கிக் கெஞ்சினார். யாரிடமும் கெஞ்சாத குரல் அது. "ஒரு துளி? கை தவறி ஒரு துளி மருந்து சிவப்புல விழுந்திருக்காதா?"

"ஒரு துளிகூட இல்லீங்க. வேணும்னா அந்தப் பூனை கொஞ்ச நாளைக்கு நாறும்."

போன் நின்றது. இனி எது மருந்து என்று தனக்கும் தெரிந்துவிட்டதால், பூனைகளின் இதயத்தை விஷயம் தெரியாத இன்னொரு டாக்டர் வந்துதான் பார்க்க வேண்டும் என்று பூனை டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். சோதனை நிற்காது, சிவப்பு பாட்டில்தான் இனி திருடு போகாதே. கம்பீரத்தின் காதில் எதுவும் விழவில்லை.

"அப்ப அந்த 'ம்'..." என்றார்.

"உங்களோடதுதான் பெரியப்பா" என்றாள் வாலு. முதல்முறையாக அவள் குரலில் கேலி இல்லை. "சுத்தமானது. கலப்படமே இல்ல."

கம்பீரம் பலகையிலிருந்து இறங்கினார். மீசையைத் துடைத்துக்கொண்டார். வம்சத்தின் சொல் வம்சத்தின் சொல்தான். "சாயங்காலம் எத்தனை மணிக்குப் போகணும்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அந்தச் சுவரில் விரிசல் எதுவும் இல்லை.

சாயங்காலம் மனிதர்களின் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கும் அறைக்கு வெளியே, பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே மூக்கு, அதே மீசை. முதுகு மட்டும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்திருந்தது. தம்பி. மனைவியும் வாலுவும் சேர்ந்து செய்த ஏற்பாடு என்று துப்பறியாமலே தெரிந்தது. கம்பீரம் அவரைப் பார்க்காமல் உள்ளே போனார்.

"நான் குனிய மாட்டேன்" என்று படம் எடுப்பவரிடம் சொல்லிவிட்டார்.

"குனிய வேண்டாங்க. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தாப் போதும்."

படுத்தார். முதுகை நேராக வைத்தே படுத்தார். திரையில் அவருடைய இதயம் தெரிந்தது. இறுக்கிப் பிடித்தது. விட மனமில்லாமல் விட்டது.

பிறகு இதய டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். தடித்திருக்கிறது. தம்பிக்கு இருப்பது போலவேதான். நல்ல வேளை, இப்போதாவது வந்தார்கள். மாத்திரை இருக்கிறது, கட்டுக்குள் வைக்கலாம். மனைவி வாயை மூடிக்கொண்டு அழுதாள். வாலு பெரியப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

வம்சத்தின் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாருக்குத் தடிப்பு ஜாஸ்தி? எனக்கா, அவனுக்கா?"

டாக்டர் திகைத்துப் போய் இரண்டு படங்களையும் ஒப்பிட்டார். "உங்களுக்குத்தான். கொஞ்சம் அதிகம்."

கம்பீரம் மீசையை முறுக்கினார். "அப்படித்தான் இருக்கணும். நான் மூத்தவன்."

"நெஞ்சழுத்தம் எப்பவுமே உங்களுக்குத்தானே அண்ணே ஜாஸ்தி" என்றார் தம்பி வாசலிலிருந்து. பல வருடங்களுக்குப் பிறகு முதல் பேச்சு. கொஞ்சம் தயங்கி, மூக்கை உறிஞ்சினார். "அண்ணே... உங்க மேல மீன் வாசனை அடிக்குது."

"இப்ப ஊர்ப் பூனை எல்லாம் என் பின்னாடிதான் வருது. நீ வால் கட்டிக்கிட்டு நாலு கால்ல நடந்தும் ஒண்ணாவது வந்துச்சா?"

தம்பி சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் உங்களோடயே வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டார்.

மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கணவர் இப்போது பால் எதுவும் குடிக்கவில்லை. பாட்டில் இல்லை. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை.

"ம்" என்றார் கம்பீரம்.